ஏழாம் நம்பர் மலைக் கழுகு

அத மொதல்ல பைக்குள்ள வைங்க மிஸ். அந்த முகிலி பொம்மையத்தான் சொல்றேன். வயித்த அமுக்குனா கத்துமாமே? தெரியும், தெரியும், அமுக்கிக் காட்ட வேணாம். முந்தாநாளு டவுன்ல ஒரு புள்ள கட வாசல்ல நின்னு அமுக்கிக்கிட்டே இருந்துச்சு. தேங்கா வாங்கப் போனவ, தேங்காயும் வேணாம் ஒன்னும் வேணாம்னு பஸ் ஏறி வந்துட்டேன். 

உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இந்த வாங்குல உக்காருங்க. உள்ள அடுப்புப் பொக, நம்ம வெளித் திண்ணையில, இந்த இஸ்தோப்புலயே இருப்போம். தேத்தண்ணி குடிப்பீங்கதானே? பால் இல்ல, வெறுஞ்சாயம். சீனி கம்மியாவா? சரி. கொழும்புலேருந்து வர்றவங்க எல்லாருக்கும் சீனி கம்மிதான்.

பேரு என்னான்னு சொன்னீங்க? பிரேமினி. நல்ல பேரு. தரணியும் நீங்களும் ஒரே ஆபிஸா? ஓகோ, கேமுக்கு கத எழுதுறது நீங்க, சத்தம் சேக்குறது அவன். அப்ப அவன் ஏன் வரல? லீவு கெடைக்கல. ம்ம். போன தீவாளிக்கும் லீவு கெடைக்கல. அதுக்கு முந்துன தீவாளிக்கும் கெடைக்கல. பெத்த தாய்கிட்ட கேக்க வேண்டியத கேக்குறதுக்கு ஒரு பொம்பளப் புள்ளைய டயகம ரோட்டுல இடுப்பு ஒடிய அனுப்பி வச்சிருக்கான் பாருங்க. அவனுக்கு வெக்கமா இருக்கோ இல்லையோ, எனக்குக் கூசுது.

நான்தான் போன்லயே மாட்டேன்னு சொல்லிட்டேனே மிஸ். இப்ப நேர்லயும் சொல்றேன். அடுத்த மாசம் அட்டன்ல மண்டபம் எடுத்து படத்துக்குப் பூச போடுறீங்க, போடுங்க. என்னய மேடையில ஏத்தி, கையில மைக்கக் குடுத்து, அந்தக் கூவ கூவச் சொல்றீங்க. பக்கத்துல பொன்னையா அண்ணன நிப்பாட்டி, செத்துப்போன அவரு பொண்டாட்டி அம்மாக்கண்ணு படத்துக்கு வெளக்கேத்தச் சொல்றீங்க. அதுக்கு முன்னாடி நாளைக்கே என்னய ஏழாம் நம்பர் மலைக்குக் கூட்டிட்டுப் போயி, அந்தா அந்த எடத்துலயே நின்னு கூவச் சொல்லி வீடியோ புடிக்கணும். அம்புட்டுதானே? முடியாது.

தொண்ட போயிருச்சு மிஸ். இந்தப் பனிக்கு யாருக்குத் தொண்ட நிக்கும்? என்னா? கொஞ்ச முன்ன நாய வெரட்டுனப்ப தொண்ட நல்லாத்தான இருந்துச்சா? ஹ்ம். கெட்டிக்காரிதான் நீங்க. சரி, தொண்ட இருக்கு. மனசு இல்லன்னு எழுதிக்கிங்க.

கேம பத்தி நீங்க எனக்கு வெளங்கப்படுத்த வேணாம். அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்கு கும்புடு போட்டவதான், ஆனா குளவிக்கோட்ட கத எனக்கு மனப்பாடம். இந்த லயத்து வரிசையில பத்து காம்பரா வீடு, பத்துலயும் அதத்தானே போன்ல தேச்சிக்கிட்டு கெடக்குதுங்க. பனி மூடுன ஒரு நாடு. அதுல முகிலின்னு ஒருத்தி, முதுகுல தேயிலக் கூட. ராட்சசனுங்க வந்தா பாற மேல ஏறி நின்னு ஒரு கூவு கூவுவா. ஒடனே கோட்டையிலேருந்து குளவிப் பட கெளம்பி வந்து அத்தன பேரையும் கொட்டிச் சாய்ச்சிரும். அந்தக் கூவு என் கொரலு. அது ஊருக்கே தெரியும், மறைக்கிறதுக்கு என்னா இருக்கு. கூவு முடியுற எடத்துல யாரோ பொசுக்குன்னு சிரிக்கிற மாதிரி ஒன்னு கேக்கும். அந்தச் சிரிப்புக்குத்தான் புள்ளைங்க உசுர விடுதுங்க.

கேமோட நின்னிருந்தாக்கூட நான் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்திருப்பேன். போன மூடுனா சத்தம் போயிரும். நீங்கதான் நிக்கலயே. ஒரு கத கெடைச்சிருச்சுன்னா அத விட மாட்டீங்களா மிஸ்? ஒரு கோழிய அடிச்சா நாங்க கால் நகத்த மட்டும்தான் வீசுவோம். நீங்க அதையும் வீச மாட்டீங்க போலருக்கு.

மொதல்ல படக்கதப் புத்தகம் போட்டீங்க. தரணி ஒன்னு அனுப்பி வச்சான், அம்மாவுக்கு அன்புடன்னு எழுதி. தொறந்து பாக்குறேன், முகிலி கூடய இடுப்புல வச்சிக்கிட்டு நிக்குறா, தண்ணிக்குப் போறவ மாதிரி. இன்னொரு பக்கத்துல கூட முதுகுல இருக்கு, ஆனா தலக்கயிறு இல்ல. அந்தரத்துல தொங்குது. இருவது கிலோ கொழுந்து எதுல நிக்கும், காத்துலயா? நெத்திய பாருங்க, இங்க, இந்தத் தழும்ப. இது கயிறு அழுத்துன தழும்பு. ஒங்க முகிலிக்கு நெத்தி பளிங்காட்டம் இருக்கு. அத வரைஞ்சவரு எங்க மலைய எந்தக் காருக்குள்ளேருந்து பாத்தாரோ.

சிரிக்கிறீங்க. சிரிங்க. அடுத்தத கேட்டா சிரிப்பு வராது.

அப்புறம் தொடர் எடுக்குறோம்னு லொறி லொறியா வந்து எறங்குனாங்க. இதே லயந்தான். அதுக்கு மொத மாசந்தான் நாங்க எல்லாரும் சேந்து செவுத்துக்குப் பச்சக் கலர் அடிச்சிருந்தோம், திருவிழாவுக்கு. டைரக்டரு வந்து பாத்துட்டு மூஞ்சச் சுழிச்சாரு. ரொம்ப நல்லாருக்காம். அதான் குத்தம். அடுப்புக் கரியக் கரைச்சி செவுரு பூரா பூசுனாங்க. அன்டனாவ கழட்டி வச்சாங்க. லயத்துப் பையன் துஷாந்த்தோட மோட்டர் சைக்கிள சாக்கு போட்டு மூடுனாங்க. முடிஞ்சதும் கழுவித் தர்றோம்னு சொன்னாங்க. அந்த மூலயப் பாருங்க. இன்னும் கரி. ரெண்டு மழ காலம் போயிருச்சு, போவுதா பாருங்க.

அதுவும் போகட்டும். கூட்டத்துல நடிக்க எங்கள கூப்புட்டாங்க. சாபம் வாங்குன ஜனமாம் நாங்க. எங்களுக்கு யார் மிஸ் சாபம் குடுத்தது? கத எழுதுன நீங்கதானே, சொல்லுங்க. சரி, விடுங்க. குளவி கொட்டுற மாதிரி ஒரு காட்சி. எல்லாரும் கீழ விழுந்து துடிக்கணும். ஜெயலெட்சுமி அக்காவும் போனா. அவ நெசமாவே குளவி கொட்டி ஆஸ்பத்திரில ஒம்பது நாள் கெடந்தவ, ஒரு பக்க காது இன்னும் சரியா கேக்காது. அவ எப்பிடித் துடிச்சாளோ அப்பிடித்தானே செஞ்சா, மொகத்த மண்ணுல பொதைச்சிக்கிட்டு, சத்தம் போடாம. அவங்க ஆளு தம்பி ஒருத்தன், கையில ஒலிபெருக்கி, அப்பிடி யாரும் துடிக்க மாட்டாங்க அம்மா, இன்னும் நல்லாத் துடிங்கன்னான். மறுபடி துடிச்சா. பத்தல, இன்னொரு தரம்னான். நாலு தரம் துடிச்சா அந்தப் பொம்பள. ச்சீ. நான் அந்தா அந்தத் தண்ணிப் பீலிகிட்ட நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அன்னைக்கே இந்த எழவெல்லாம் வேணாம்னு கத்தியிருக்கணும்.

குடிங்க, ஆறிரும். நல்லாருக்கா? தூசித் தூளுதான், எங்களுக்குக் கெடைக்கிறது அது. நல்ல தூளு ஒங்க முகிலி படம் போட்ட டப்பாவுல டவுன் கடையில இருக்கு. இங்க பறிச்சி, இங்க அரைச்சி, கொழும்புக்குப் போயி, அவ மூஞ்ச ஒட்டிக்கிட்டு இங்கயே திரும்பி வருது. வெள்ளக்காரங்க வாங்கிட்டுப் போறாங்க. டப்பா மூடியத் தொறந்தா உள்ளேருந்து கூவு கேக்குமாம். தேயில டப்பாக்குள்ள என் தொண்ட. நெனச்சாலே ஒடம்பு கூசுது மிஸ், யாரோ என் வாய்க்குள்ள கைய விட்ட மாதிரி.

இப்ப படம். அதுக்கு அடுத்தது இன்னொன்னாம், அந்தச் சிரிப்பு மட்டும் தனிப் படமாம். முகிலிக்கு செத்துப்போன ஒரு தங்கச்சி, அவ ஆவிதான் சிரிக்குதுன்னு கத கட்டியிருக்கீங்கன்னு நிலக்ஷி சொன்னா. நிலக்ஷி யாரா? பொன்னையா அண்ணனோட பேத்தி, பக்கத்து காம்பரா. ஏ எல் பரீச்சைக்குப் படிக்குது, ஒங்க கேமுல அந்தப் புள்ளைக்குத் தெரியாதது இல்ல. அது கேட்டுச்சு, ஆச்சி, அந்தச் சிரிப்ப எப்பிடி சிரிச்சீங்கன்னு. நீங்களும் இப்ப அதத்தான் கேக்குறீங்க. கூவும் வேணும், கடைசில அந்தச் சிரிப்பும் வேணும், அதே மாதிரி வேணும். படத்துக்கு சுத்தமா இன்னொரு தரம் பதியணும்.

அந்தச் சிரிப்பு எனக்கு வராது மிஸ். எழுதி வேணும்னா தர்றேன். சத்தியமா வராது.

பொன்னையா அண்ணன் சம்மதிச்சிட்டாரு, நீங்க ஏன் மாட்டேங்கிறீங்கன்னா கேக்குறீங்க? அவரு சம்மதிப்பாரு. பொண்டாட்டி படத்த பெருசாக்கி, மால போட்டு, அட்டன்ல ஆயிரம் பேருக்கு முன்னால வைக்கிறோம்னா எந்த மனுசன் வேணாம்பாரு? இருக்குறதே ஒரு படம். அடையாள அட்டைக்கு எடுத்தது. அத தொடச்சி, கண்ணாடி போட்டு, பேப்பர்ல சுத்தி எடுத்துக் குடுத்தாராமே ஒங்க ஆளுங்ககிட்ட. போன வாரம் பூரா அதே பேச்சுதான். எந்த சட்ட போடலாம், வேட்டியா கால்சட்டையான்னு என்னையத்தான் கேட்டாரு. நீயும் மேடையில பக்கத்துல இருப்பியே நாகலெட்சுமி, அது போதும் எனக்குன்னாரு. நான் கொழம்பக் கிண்டுற மாதிரி குனிஞ்சிக்கிட்டேன்.

அம்மாக்கண்ணு எனக்கு யாருன்னு கேட்டா என்னான்னு சொல்றது? சொந்தம் இல்ல. ரெண்டு பேரும் தோட்டத்துல வேலைக்குப் பேரு பதிஞ்சது ஒரே வருசம். அன்னையிலேருந்து கொழுந்து பறிக்க அவளுக்கு ஒரு நெர, அதுக்கடுத்தது என் நெர. அவ ரொட்டிய நான் திம்பேன், என் சம்பல அவ திம்பா. கூட நெறஞ்சா ஒருத்தருக்கொருத்தர் தூக்கி விடுவோம். இருபத்தேழு வருசம் என் முதுகுல கூடய ஏத்துனது அவ கையி. கட்டுன புருசன்கூட அத்தன தடவ என்னயத் தொட்டிருக்க மாட்டாரு. அவளுக்கு வாய் நிக்காது. எதுக்கெடுத்தாலும் கேலி. அவ போயி நாலு வருசம் ஆவுது. அதுக்கப்புறம் ஒரு மாசந்தான் நான் கொழுந்துக்குப் போனேன். பேர வெட்டிக்கிட்டு வந்துட்டேன்.

ஆமா, குளவிதான். ஒங்களுக்குத்தான் தெரியுமே, அதத்தான கதையாக்கி வச்சிருக்கீங்க. கருங்கழுகு அரசன் கோட்டைய வந்து இடிக்கிறான், குளவிங்க கலையுது, முகிலியோட ஆத்தா சாகுறா, முகிலி பழி வாங்க கெளம்புறா. இது ஒங்க மலையில பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து சொல்ற கதையான்னு அந்த டைரக்டரு என்கிட்ட கேட்டாரு, நோட்டுப் புத்தகத்தத் தொறந்து வச்சிக்கிட்டு. நானும் ஆமான்னு தலைய ஆட்டுனேன். வேறென்னத்த சொல்ல? அப்பிடி ஒரு கதையும் கெடையாது மிஸ். அம்மாக்கண்ணுவுக்கு நடந்ததுதான் அது. பேப்பர்லயும் வந்துச்சு, கழுகு ஒன்னு குளவிக் கூட்டுல மோதுனதுல ஒரு பெண் தொழிலாளி மரணம்னு. நாலே வரி. தரணி அத ஒங்களுக்குச் சொன்னான், நீங்க அதுக்கு கிரீடம் வச்சீங்க.

மலையில கூடு எப்பிடித் தெரியும்னா? கண்ணுல பட்டவங்க கங்காணிகிட்ட சொல்லுவாங்க. அவரு அந்த மரத்துல ஒரு செவப்புத் துணியக் கட்டுவாரு. அதக் கட்டிட்டா, தோட்டத்து ஆபிஸ்லேருந்து ஆள் வந்து கூட்டச் சுடுற வரைக்கும் சுத்தி நாலு நெரய யாரும் தொட மாட்டோம். அதோட அந்த மலையில பேச்சு மூச்சு இருக்கக்கூடாது, சத்தத்துக்குக் குளவி கலைஞ்சிரும். கூப்புட வேணும்னா கைய ஆட்டுவோம். இருமல் வந்தா படங்க எடுத்து வாயில வச்சிக்குவோம், இடுப்புல கட்டியிருக்குற முரட்டுத் துணிதான், அத. சின்னப் புள்ளயிலேருந்து பழகுனது. மலையில வேல செய்யாதவங்களுக்கு அது தெரியாது. செவப்புத் துணியப் பாத்தா ஏதோ சாமிக்குக் கட்டுனதுன்னு நெனைப்பாங்க.

தரணி மலையில வேல செஞ்சவன் இல்ல. நாங்க விடல. கொழுந்து வாடையே அவன் மேல படக்கூடாதுன்னு வளத்தோம், அவனுக்கும் அது சரியாப் போச்சு. பள்ளிக்கூடத்துல அம்மா என்னா தொழில்னு கேட்டா வீட்டுல இருக்காங்கன்னுதான் சொல்லுவானாம். அவன் கூட்டாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அதக் கேட்டதே இல்ல அவன்கிட்ட. கேட்டு என்னா ஆகப் போவுது?

ஒங்க ஆபிஸ்ல சேந்த புதுசுல வந்தான், பாத்துக்கிங்க, பூன வாலாட்டம் மயிரு சுத்துன ஒரு மைக்கோட. அத நீட்டிக்கிட்டு தோட்டம் பூரா அலைஞ்சான். தேயில அரைக்கிற ஸ்டோர்ல மெசின் சத்தம், தகரத்துல மழ விழுற சத்தம், எங்க கதவு கிறீச்சிடுற சத்தம். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குப் பெருமையா இருந்துச்சு, எதுக்குன்னே தெரியாம. அப்பிடித்தான் ஒரு நாள் மலைக்கே...

இருங்க. இருங்க மிஸ், பேசாதீங்க.

கேட்டீங்களா? பக்கத்து காம்பராவுலதான். பொன்னையா அண்ணன் போன் அது. சார்ஜ்ல போட்டுட்டு கடைக்குப் போயிருக்காரு. நிலக்ஷிதான் வச்சிக் குடுத்துச்சு, தாத்தா, ஒங்க போனுக்கு முகிலி கூவுன்னு. இந்தச் செவுரு கூர வரைக்கும் போவாது, பாருங்க மேல, தொறந்து கெடக்கு. அவரு போனுக்கு யாரு எடுத்தாலும் அது என் வீட்டுக்குள்ளதான் அடிக்கும். காலையில வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுக்கு முன்னாடி மருமகன் எடுப்பான். சாப்புட உக்காந்தா மக எடுப்பா. நான் பெசைஞ்ச சோத்த அப்பிடியே வச்சிட்டு எந்திரிச்சிருவேன்.

மாத்தச் சொல்லிப் பாத்தேன். தல வலிக்குதுண்ணேன்னு. அவரு என்னா சொன்னாரு தெரியுமா? இல்ல நாகலெட்சுமி, அது கெடக்கட்டும், ஏன்னு தெரியல, அது அடிக்கும்போது மனசுக்கு ஒரு மாதிரி நல்லாருக்குன்னாரு. சில நேரம் போன எடுக்க மாட்டாரு மிஸ். அடிக்கட்டும்னு விட்டுட்டு கேட்டுக்கிட்டு இருப்பாரு.

இந்தா, மறுபடி அடிக்குது. இப்ப நல்லாக் காது குடுத்துக் கேளுங்க. கூவு. எதிர்ப் பாறையில பட்டுத் திரும்பி வருது. இப்ப, கடைசில. கேட்டுச்சா அந்தச் சிரிப்பு?

அது நான் இல்ல மிஸ். அது அம்மாக்கண்ணு.

என்னய அப்பிடிப் பாக்காதீங்க மகள். பேய் பிசாசு ஒன்னும் இல்ல. அவ எனக்கு அடுத்த நெரயில நின்னுக்கிட்டு இருந்தா, சிரிச்சா, மைக்குல விழுந்துருச்சு. அன்னைக்கு ஏழாம் நம்பர் மலைக்கு வந்துட்டான் தரணி. பத்து மணி தேத்தண்ணிக்கு நிப்பாட்டியிருந்தோம். அம்மா, ஒரு கொரல் குடும்மா, நீ மலையிலேருந்து என்னயக் கூப்புடுவியே சின்ன வயசுல, அந்த மாதிரின்னான். அத்தன பொம்பளைங்களுக்கு முன்னால, அம்மான்னு கூப்புட்டு, என் கொரல் வேணும்னு கேக்குறான். வீட்டுல இருக்காங்கன்னு சொன்ன புள்ள. நான் என்னா செய்வேன்? செவப்புத் துணி அந்தா கட்டியிருக்கு, ஆறு நெர தள்ளி. அவனுக்கு அது என்னான்னு தெரியாது. எனக்குத் தெரியும். ஆறு நெர இருக்கே, ஒரே ஒரு கூவுதானேன்னு நெனச்சேன். நெஞ்சு நெறைய காத்த இழுத்து, பாறையப் பாத்து விட்டேன். அப்பிடி ஒரு கொரல் எனக்கு அதுக்கு முன்னாடி வந்ததே இல்ல. அம்மாக்கண்ணு நிமுந்து பாத்து, ஏண்டி, இனிமே ஒன் கொரலுக்குக் கொழும்புலேருந்து சம்பளம் வருமான்னு கேட்டுட்டுச் சிரிச்சா.

சிரிப்புக்குப் பொறகு என்னா சத்தம் வந்துச்சுன்னு ஒங்க கேமுல இல்ல. தரணி அத வெட்டிட்டான். அவன் கம்பியூட்டர்ல பூரா இருக்கும்.

அவள லொறியில ஏத்தும்போதே மூஞ்சி தெரியல, வீங்கி. ஆஸ்பத்திரி வாசல்ல பொலிசு வந்து எப்பிடிக் கலைஞ்சிச்சுன்னு கேட்டாங்க. தரணி அந்த மைக்க நெஞ்சோட அணைச்சிக்கிட்டு என் பக்கத்துல நின்னான். நான்தான் வாயத் தொறந்தேன். கழுகு வந்து தட்டிருச்சு சார்னேன். வேற தோட்டத்துல அப்பிடி நடந்துச்சுன்னு கேள்விப்பட்டது, டக்குன்னு வாயில வந்துருச்சு. எழுதிக்கிட்டாங்க. பேப்பர்காரன் பொலிசக் கேட்டு எழுதுனான், என் மகன் பேப்பரக் காட்டி ஒங்களுக்குச் சொன்னான், நீங்க கிரீடம் வச்சீங்க. அவன் என்னயப் பாத்து பேசுறது அன்னையோட நின்னுச்சு. நானும் அவன் மூஞ்சப் பாக்க முடியாமத்தான் இருந்தேன். ஆனா அந்தக் கூவ எடுத்து கேமுல வைப்பான்னு நெனைக்கல மகள். எப்பிடி மனசு வந்துச்சு? நல்ல சத்தம், வீணாப் போகக்கூடாதுன்னா? அழுகுன பொருளக் கையில புடிச்ச மாதிரி இருக்கு, அவன நெனச்சா. அத விட என்னய நெனச்சா.

கழுகா? மேல காட்டோரமா ஒரு பெரிய மரத்துல கூடு கட்டியிருந்துச்சு ரெண்டு. அவளோட எட்டாம் நாள் காரியம், எட்டுச் செலவு, முடிஞ்ச மறுநாளே பொன்னையா அண்ணன் தோட்டத்துப் பசங்களக் கூட்டிட்டுப் போயி மரத்தச் சாய்ச்சிட்டாரு. குஞ்சு ரெண்டு உள்ள கெடந்துச்சு, றெக்க மொளைக்காம. என்கிட்டதான் கொண்டாந்து காட்டுனாரு, பாரு நாகலெட்சுமி, என் பொண்டாட்டியக் கொன்ன சனியன்னு. இப்பவும் வானத்துல ஏதாவது பறந்தா கல்லெடுப்பாரு. காக்காவுக்கும் எடுப்பாரு, கண்ணு செரியாத் தெரியாது.

படத்துல கடைசில கருங்கழுக நெருப்புல போட்டு எரிக்கிறீங்களாமே. நிலக்ஷி சொன்னா. பொன்னையா அண்ணன் அதப் பாக்கத்தான் காத்துக்கிட்டு இருக்காரு. மொத வரிசையில உக்காந்து பாக்கணுமாம். அத எரிக்காதீங்க மகள். அது ஒன்னும் பண்ணல. அன்னைக்கு ஏழாம் நம்பர் மலையில கழுகே வரல.

வாங்குல வச்சிருக்குற ஒங்க ரெக்கார்டர்ல செவப்பு வெளிச்சம் எரியுதே, அது நான் பேசுனத பூராவும் புடிச்சிருச்சா? அணைக்க வேணாம், இருக்கட்டும். ஒரு தரம் கழுகுன்னு சொன்னது ஊர் பூரா போயிருச்சு, இதுவும் போகட்டும். அந்தா, படிக்கட்டுல ஏறி வர்றது அவருதான். சீனியும் பாண் ரொட்டியும் வாங்கிட்டு வர்றாரு. ஒங்களப் பாத்ததும் மொகத்தப் பாருங்க, விடிஞ்ச மாதிரி. நீங்க எந்திரிக்க வேணாம், இருங்க. தனியா சொல்ல எனக்குத் தெம்பு இல்ல.

அண்ணே, வாங்க. ஆமா, கொழும்பு மிஸ்தான். சட்டையப் பத்தி அப்புறம் பேசலாம். அந்தப் பைய இப்பிடிக் குடுத்துட்டு உக்காருங்க. அந்தக் கழுகப் பத்தி ஒன்னு சொல்லணும்.